ஒற்றை வசனமும் முழுப் பகுதியும்

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் தமிழகச் சபைகள் பலவற்றில் வாக்குத்தத்த அட்டை கைக்கு வந்துவிடும். அதில் அடிக்கடி தென்படுவது எரேமியா 29:11. கடவுள் தம் மக்களுக்கு நல்ல எதிர்காலத்தையே எண்ணியிருக்கிறார் என்று தேற்றும் வசனம்.

அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தால் அது ஒரு கடிதம் என்பது தெரியும். நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போனவர்களுக்கு எரேமியா எழுதியது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள் என்கிறது கடிதம். ஊர் திரும்ப 70 ஆண்டுகள் ஆகும் என்கிறது 10ஆம் வசனம். முந்தைய அதிகாரத்தில் அனனியா என்பவர் ஆலயத்தில் நின்றுகொண்டு இரண்டே ஆண்டில் விடுதலை என்று அறிவிக்கிறார். அது பொய் என்று எரேமியா அவர் முகத்துக்கு நேராகவே சொல்கிறார். உடனடி விடிவை மறுக்கும் கடிதத்தின் நடுவில்தான் அந்த வாக்குத்தத்தம் நிற்கிறது. அதைக் கேட்ட முதியவர்களில் பலர் சொந்த மண்ணை மறுபடி பார்த்திருக்க வழியில்லை. இது தெரிந்த பிறகு வசனத்தின் ஆறுதல் குறைவதில்லை, கனம் கூடுகிறது.

இப்படி வாசிப்பதற்குக் குருத்துவப் படிப்பு தேவையில்லை. நியூயார்க்கில் வேதபாட ஆசிரியராக இருந்த ராபர்ட் டிரெய்னா 1952இல் நூலாக வகுத்துத் தந்த முறையும், அதையொட்டிய பல வேதபாட வகுப்புகளும் கேட்பது ஒரு நோட்டும் பொறுமையும்தான். முதலில் கவனிக்க வேண்டும்: யார், யாருக்கு, எப்போது, ஏன், எந்தச் சொல் திரும்ப வருகிறது, ‘ஆகையால்’ என்பது எதைத் தொட்டு வருகிறது. அடுத்து பொருள்கொள்ளுதல், கடைசியாக வாழ்வில் கைக்கொள்ளுதல். புதிய ஏற்பாட்டில் இன்று வழங்கும் வசன எண்களே 1551இல் ரோபேர் எஸ்தியேன் என்ற அச்சாளர் போட்டவைதான். அந்த எண்ணோடு நின்றுவிடாமல் பகுதி முழுவதையும் பார்க்கப் பழக்குவதே இம்முறையின் பெரிய பலம்.

ஆனால் நோட்டுக்குள் எல்லாம் அடங்குவதில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தில் லவோதிக்கேயா சபை, குளிருமின்றி அனலுமின்றி வெதுவெதுப்பாயிருப்பதாகக் கண்டிக்கப்படுகிறது. குளிர் என்றால் அவிசுவாசம், அனல் என்றால் பக்தி என்றே தனியாகப் படிப்பவர் எழுதிவைப்பார். ஆனால் பக்கத்து ஊரான எராப்போலியில் வெந்நீர் ஊற்று, கொலோசெயில் குளிர்ந்த நீர். இரண்டுமே பயனுள்ளவை என்று ஆய்வாளர்கள் பலர் காட்டுகிறார்கள். எத்தனை முறை வாசித்தாலும் அந்தப் புவியியல் விவரம் வசனத்திலிருந்து கிடைக்காது. அதற்கு விளக்கவுரை வேண்டும்.

இதைவிட ஆழமான குறை வாசிப்பவரிடமே இருக்கிறது. பிலேமோன் நிருபம் 25 வசனங்கள்தான். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் சார்லஸ் கோல்காக் ஜோன்ஸ் என்ற போதகர், அடிமைகள் ஓடிப்போவது தவறு என்று அதை வைத்து அடிமைகளிடமே பிரசங்கித்தார். கேட்டவர்களில் பாதிப்பேர் எழுந்து போய்விட்டதாகவும், அப்படியொரு நிருபமே பைபிளில் இல்லை என்று சிலர் சாதித்ததாகவும் அவரே பதிவு செய்திருக்கிறார். ஜோன்ஸ் படித்தவர், அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவரும்கூட. பிலேமோனின் அடிமை ஒநேசிமுவை இனி அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்றுக்கொள்ளச் சொல்லும் 16ஆம் வசனம் அவர் கண்ணெதிரேதான் இருந்தது.

அதற்காகத் தனிப்படிப்பைக் கைவிட வேண்டியதில்லை. அதன் வரிசையைத்தான் காக்க வேண்டும். முதலில் சொந்தக் குறிப்பு, பிறகு விளக்கவுரை, அதன்பின் வேறு தொழிலும் வேறு வாழ்நிலையும் கொண்ட நாலு பேரோடு அதே பகுதியை மறுபடி வாசிப்பது. பல சபைகளில் வேதபாடக் கூட்டம் ஒருவர் பேச மற்றவர் கேட்கும் பிரசங்கமாகச் சுருங்கிக் கிடப்பதால், இந்த மூன்றாவது வாய்ப்பு கிடைப்பதே அரிதாக இருக்கிறது.