கோட்டைக்கும் கோட்டைக்கும் இடையில்

பயண இலக்கியத்தில் எழுத்தாளன் ஏறிச்செல்லும் வாகனமும் பாதி எழுதுகிறது. அமெரிக்க நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் 1882இல் பிரான்ஸின் லுவார் நதிப் பிரதேசத்தைச் சுற்றிப் பார்த்தார்; 1884இல் அது நூலாயிற்று. தூர் நகரில் தங்கி, பெரும்பாலும் புகையிரதத்திலேயே கோட்டைகளுக்குப் போய்வந்தார். கட்டடங்களைப் பார்ப்பதில் அவரது கண் கூர்மையானது. ஆயினும் ஒரு கோட்டை முடிந்ததும் அடுத்தது வந்துவிடுகிறது. இடையிலுள்ள நிலம் யன்னலுக்கு வெளியே ஓடி மறைகிறது.

இன்று அந்நதியோரம் ஏறத்தாழ 900 கிலோமீற்றர் நீளமான துவிச்சக்கரவண்டிப் பாதை உண்டு. சமதரை, அவசரமின்றி மிதிக்கலாம். வெள்ளத்தைத் தடுக்க எழுப்பிய அணைகளின் மேலாகவும் பாதை செல்கிறது. மாளிகைகளுக்கு வெள்ளைச் சுண்ணக்கல் அகழ்ந்த குகைகள் வழியில் தென்படும். அவற்றில் மக்கள் குடியிருந்தார்கள்; காளான் வளர்த்தார்கள். முதலாம் பிரான்சுவா மன்னன் 1519இல் தொடங்கிய ஷம்போர் மாளிகையில், தன் ஆட்சிக்காலம் முழுவதிலும் சில வாரங்களே தங்கினான். குகைகளிலோ தலைமுறைகள் வாழ்ந்தன. இவற்றில் எதனை எழுதுவது?

அம்புவாஸ் கோட்டை இக்கேள்விக்கு நல்லதோர் உரைகல். அல்ஜீரியாவின் அமீர் அப்துல் காதிர் 1848 முதல் 1852 வரை அங்கே சிறைவைக்கப்பட்டிருந்தார். அவரோடிருந்து அங்கேயே மௌத்தானவர்களின் கபுறுகள் கோட்டைத் தோட்டத்தில் உள்ளன. அரண்மனையின் அழகை மட்டும் எழுதுபவர் இவர்களை இரண்டாந்தடவை புதைக்கிறார்.

மெதுவாகச் செல்வதால் மட்டும் பயண இலக்கியம் பிறந்துவிடாது. வண்டியை நிறுத்தி, இங்கே கல் சுமந்தவர் யார், அடைபட்டவர் யார் என்று கேட்க வேண்டும். நமது பயணக் கட்டுரைகள் பலவற்றில் நான் தேடிக் காணாதது அந்தக் கேள்வியைத்தான்.