லீ சாட்லியர் தத்துவமும் நம் பாடநூல்களும்

கல்லூரியில் முதலாண்டு வேதியியல் படிக்கும் மாணவர் ஒருவரிடம், "லீ சாட்லியர் தத்துவம் யாது?" என்று கேட்டுப் பாருங்கள். தயங்காமல் விடை வரும்: "சமநிலையில் உள்ள ஓர் அமைப்பில் ஏதேனும் மாற்றம் ஏற்படுத்தப்பட்டால், அம்மாற்றத்தை எதிர்க்கும் திசையில் சமநிலை நகரும்." கேட்பதற்கு இனிமையான வாக்கியம். மனத்தில் எளிதில் தங்கும். தேர்வில் மதிப்பெண்ணும் பெற்றுத் தரும். ஆனால் இதை அப்படியே நம்பினால், சில வேளைகளில் விடை தலைகீழாகிவிடும். பாடநூல்கள் பலவற்றில் இந்த எச்சரிக்கை ஒரு வரிகூட இல்லை. இக்கட்டுரையின் குறை அதைப் பற்றியதே.

முதலில் தத்துவத்தின் பெருமையைச் சொல்லிவிடுவோம். பிரெஞ்சு வேதியியலறிஞர் ஆன்றி லீ சாட்லியர் இதை 1884ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1888இல் இன்னும் சுருக்கமான, பொதுவான வடிவில் எழுதினார். வெப்பநிலையைப் பொறுத்தவரை இத்தத்துவம் நம்மைக் கைவிடுவதில்லை. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அமோனியா உண்டாகும்போது வெப்பம் வெளிப்படுகிறது. ஆகவே வெப்பநிலையை உயர்த்தினால் சமநிலையில் அமோனியாவின் அளவு குறையும். அழுத்தத்தை உயர்த்தினால் அது கூடும். ஏனெனில் நான்கு மூலக்கூறுகள் இரண்டாகச் சுருங்குகின்றன. இவ்விரண்டும் ஆய்வுக்கூடத்திலும் தொழிற்சாலையிலும் மெய்ப்பிக்கப்பட்ட உண்மைகள்.

சிக்கல் எங்கே எழுகிறது? "வினைபடு பொருளைக் கூடுதலாகச் சேர்த்தால் என்ன ஆகும்?" என்ற கேள்வியில்தான். சேர்த்த பொருளைச் செலவழிக்கும் திசையில் சமநிலை நகரும். நைட்ரஜனைச் சேர்த்தால் மேலும் அமோனியா உண்டாகும் என்று பாடநூல் கூறும். இது எப்போதும் உண்மையா? ஒரு கணக்கின் மூலம் நாமே சோதித்துப் பார்ப்போம். கையில் தாளும் பென்சிலும் இருந்தால் போதும்.

அமோனியாவின் பகுதி அழுத்தத்தை வர்க்கப்படுத்துங்கள். நைட்ரஜனின் பகுதி அழுத்தத்தையும், ஹைட்ரஜனின் பகுதி அழுத்தத்தின் கனத்தையும் பெருக்கி, வரும் எண்ணால் அதை வகுங்கள். கிடைக்கும் எண்ணுக்கு வினைக் குணகம் என்று பெயர். சமநிலையில் இந்த எண் சமநிலை மாறிலிக்குச் சமம். அதைவிடக் குறைந்தால் அமோனியா உண்டாகும்; மிகுந்தால் அமோனியா சிதையும்.

இப்போது மேலும் கீழும் நகரக்கூடிய மூடியுடன் கூடிய கலத்தை எண்ணிக்கொள்ளுங்கள். உள்ளே அழுத்தம் எப்போதும் 1 வளிமண்டலம், வெப்பநிலையும் மாறுவதில்லை. அதில் 6 மோல் நைட்ரஜன், 3 மோல் ஹைட்ரஜன், 1 மோல் அமோனியா சமநிலையில் உள்ளன என்று கொள்வோம். பகுதி அழுத்தங்கள் முறையே 0.6, 0.3, 0.1. வினைக் குணகம் ஏறத்தாழ 0.617. இதுவே இங்குச் சமநிலை மாறிலியும் ஆகும்.

இதில் 2 மோல் நைட்ரஜனைச் சேர்ப்போம். மூடி மேலே நகர்ந்து இடம் கொடுக்கிறது. மொத்தம் 12 மோல். பகுதி அழுத்தங்கள் இப்போது 0.667, 0.25, 0.083. மீண்டும் கணக்கிடுங்கள். வினைக் குணகம் ஏறத்தாழ 0.667! மாறிலியைவிட இது மிகுதி. எனவே அமோனியா சிதைந்து, மேலும் நைட்ரஜன் வெளிவரும். நாம் சேர்த்ததும் நைட்ரஜன். அமைப்பு தருவதும் நைட்ரஜன். எதிர்ப்பு எங்கே போயிற்று?

இதில் மாயம் ஏதுமில்லை. நைட்ரஜன் நுழைந்ததும் கலம் விரிகிறது, ஹைட்ரஜன் நீர்த்துப்போகிறது. வினைக் குணகத்தில் ஹைட்ரஜன் கனமாக இடம்பெறுவதால், அது சற்றே நீர்த்தாலும் விளைவு பெரிது. கலவையில் பாதிக்கு மேல் நைட்ரஜனாகவே இருந்தால், நீர்த்தலின் விளைவு நைட்ரஜன் கூடியதன் விளைவை வென்றுவிடுகிறது. பாதிக்குக் குறைவாக இருந்தால் பாடநூல் சொல்வதுபோலவே அமோனியா பெருகும். கலம் விரியாமல் கன அளவு மாறாதிருந்தாலும் பாடநூலின் விடையே சரி. ஆக, தவறு இயற்கையினுடையது அன்று, "எந்த நிபந்தனையில்?" என்று கேட்காத வாக்கியத்தினுடையது.

இக்குறை இன்று நேற்றுக் கண்டுபிடிக்கப்பட்டதும் அன்று. தத்துவத்தின் சொல்லமைப்பு தெளிவற்றது என்று இயற்பியலறிஞர் பால் ஏரன்ஃபெஸ்ட் 1911ஆம் ஆண்டிலேயே விமரிசித்தார். "எதிர்க்கும்" என்றால் எதை எதிர்க்கும்? அழுத்தத்தையா, கன அளவையா? நாம் அழுத்தத்தை மாறாமல் பிடித்து வைத்திருக்கும்போது, அமைப்பு எந்த அழுத்தத்தை எதிர்க்க முடியும்? நூறாண்டுகளுக்கு மேலாகியும் இந்தக் கேள்வி பல மாணவர்களின் காதுக்கு எட்டவில்லை.

"முதலாண்டு மாணவருக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையா? எளிய விதி போதாதா?" என்று ஆசிரியர் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். எளிமை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வினைக் குணகம் அதே பாடநூலில், சில பக்கங்கள் முன்பின்னாக இருக்கிறது. குல்ட்பெர்க், வாகே இருவரும் 1864இல் முன்வைத்த நிறைதாக்க விதியில் அது வேரூன்றியது. பெருக்கவும் வகுக்கவும் தெரிந்த மாணவர் அதைப் பயன்படுத்தலாம். அதை ஒதுக்கிவிட்டு, மூலக்கூறுகளுக்கு ஏதோ பிடிவாத குணம் இருப்பதுபோல "எதிர்க்கும்" என்று கற்பிப்பது எளிமையாகாது. காரணம் கேட்கும் பழக்கத்தையே அது மழுங்கச் செய்கிறது.

மற்றொன்றையும் நினைவிற் கொள்வோம். சமநிலை எந்தத் திசையில் நகரும் என்பதை மட்டுமே இத்தத்துவம் சொல்லும். எவ்வளவு விரைவில் என்பதைச் சொல்லாது. குறைந்த வெப்பநிலையே அமோனியாவுக்கு நல்லது என்று அது கூறுகிறது. ஆனால் தொழிற்சாலைகள் 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகின்றன. இல்லாவிடில் வினை ஊர்ந்து செல்லும். லீ சாட்லியரே 1901இல் அமோனியாத் தயாரிப்பில் ஈடுபட்டு, கருவி வெடித்ததால் முயற்சியைக் கைவிட்டார். ஃபிரிட்ஸ் ஹேபர் 1909இல் வென்றதற்குச் சமநிலையைப் பொறுமையாக அளந்ததும், தகுந்த வினையூக்கியைத் தேடியதும் காரணங்கள். தத்துவம் திசையைக் காட்டியது. வழியை அளவைகளே திறந்தன.

ஆகவே பாடநூல் எழுதுவோரிடம் நம் வேண்டுகோள் சிறியது. தத்துவத்தை நீக்க வேண்டாம். அதனருகே இரண்டு வரிகள் சேருங்கள்: எது மாறாமல் வைக்கப்பட்டுள்ளது, கன அளவா அழுத்தமா என்று முதலில் கேள், ஐயம் வந்தால் வினைக் குணகத்தைக் கணக்கிடு.

மாணவ நண்பர்களே, உங்களுக்கும் ஒரு வேலை. மேலே கண்ட கலத்தில் 1 மோல் நைட்ரஜன், 3 மோல் ஹைட்ரஜன், 1 மோல் அமோனியாவுடன் வேறொரு வெப்பநிலையில் சமநிலையைத் தொடங்கி, 1 மோல் நைட்ரஜனைச் சேர்த்துக் கணக்கிட்டுப் பாருங்கள். இம்முறை பாடநூல் வெல்லும். எப்போது வெல்கிறது, எப்போது தோற்கிறது என்று உங்கள் கையாலேயே கண்டறிந்த பிறகு, அந்தத் தத்துவம் உங்களுக்கு வெறும் மனப்பாட வாக்கியமாக இராது.