கால் இன்ச் டியூபுக்குப் புஷ்-ஃபிட் கனெக்டர்

கதவிலேயே குளிர்ந்த நீரும் ஐஸும் தரும் சைடு-பை-சைடு ஃப்ரிட்ஜ்களில் பலவற்றுக்கு நீரைக் கொண்டுவருவது கால் இன்ச் பிளாஸ்டிக் டியூப். வெளிவிட்டம் 6.35 மி.மீ.; வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்களில் பரவலாக இருப்பதும் இதே அளவுதான். இந்த டியூப் ஒழுகும்போது கைகொடுப்பது புஷ்-ஃபிட் கனெக்டர். ஸ்பானரும் பசையும் இல்லாமல் இரண்டு துண்டு டியூபை இது இணைத்துவிடும்.

கனெக்டரை வாங்கும் முன் ஒழுக்கு எங்கே என்று தெரிய வேண்டும். ஃப்ரிட்ஜின் பின்புறம், கீழ்ப்பகுதியில் மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வு இருக்கும். குழாயிலிருந்து அந்த வால்வு வரையுள்ள டியூபில் எந்நேரமும் அழுத்தம் உண்டு. அங்கே விரிசல் விட்டால் நாள் முழுக்கச் சொட்டும். வால்வைத் தாண்டிய பகுதியில் பழுது என்றால், தண்ணீர் பிடிக்கும்போதோ ஐஸ் தட்டு நிரம்பும்போதோதான் பெரும்பாலும் ஈரம் தெரியும். குழாயை மூடி, தரையைத் துடைத்துவிட்ட பிறகும் சில மணி நேரத்தில் மீண்டும் நீர் தேங்கினால், டியூபைக் குறை சொல்வதில் பயனில்லை. டீஃப்ராஸ்ட் நீர் வடியும் வழி அடைத்திருக்கிறதா, அடித்தட்டு உடைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கனெக்டரின் வாயில் நுழையும் டியூபை காலெட் என்ற வளையத்தின் எஃகுப் பற்கள் கவ்விப் பிடிக்கின்றன. நீரைத் தடுப்பது அதற்கு உள்ளே இருக்கும் ரப்பர் ஓ-ரிங். டியூபின் மேற்பரப்பில் அது சீராகப் படிந்தால்தான் ஒழுகாது. டெஃப்லான் டேப் சுற்றுவது இங்கே கெடுதல். எம்-சீல் பூசுவதும் வீண் வேலை, பாலிஎத்திலீன் மீது அது உறுதியாக ஒட்டாது.

பொருத்தும் முன் ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, டியூபில் மிஞ்சிய நீரை வாளியில் வடித்துவிட வேண்டும். விரிசல் விட்ட பகுதியை இருபுறமும் கூர்மையான பிளேடால் நேராக வெட்டி நீக்க வேண்டும். கத்தரிக்கோல் டியூபை நசுக்கி முட்டை வடிவமாக்கிவிடும். கனெக்டருக்குள் நுழைக்கும்போது முதல் தடுப்பில் டியூப் நின்றுவிட்டதாகத் தோன்றும். இன்னும் அழுத்தினால் ஓ-ரிங்கைத் தாண்டி அடிவரை இறங்கும். அரைகுறையாக நுழைத்ததே பல புதிய ஒழுக்குகளுக்குக் காரணம். பிறகு இழுத்துப் பார்த்து, லாக் கிளிப்பை மாட்டலாம். கழற்ற, கிளிப்பை எடுத்துவிட்டு, காலெட்டை உள்ளே அழுத்திக்கொண்டே டியூபை உருவினால் போதும். பித்தளை கம்ப்ரெஷன் இணைப்பில் இத்தனை எளிமை கிடையாது: பிளாஸ்டிக் டியூப் நசுங்காமலிருக்க உள்ளே தனிச் செருகு வேண்டும், நட்டையும் அளவறிந்து முறுக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. 6 மி.மீ. டியூபும் கால் இன்ச்சும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். மாற்றிப் போட்டால் பிடிப்பு நம்பகமாக இராது. கீறல் விழுந்த டியூபில் ஓ-ரிங் தோற்றுவிடும். பக்கவாட்டில் இழுபட்டாலும் கசியும் என்பதால், ஃப்ரிட்ஜை நகர்த்த இடம் தரும் அளவுக்குப் பின்னால் டியூபைத் தளர்வான சுருளாக விட வேண்டும். வால்வின் உடலே வெடித்திருந்தால் கனெக்டரால் ஆவது ஒன்றுமில்லை. மாடல் எண்ணைச் சொல்லிப் புது வால்வு வாங்கிப் போட வேண்டியதுதான்.