ஆசானும் அவையும்: 1950களின் மலாயாத் தமிழ் இதழ்களில் எழுத்தாளர் – வாசகர் உரையாடல்

நூல் அரங்கேறும்பொழுது அவையோர் தடை எழுப்புவதும் ஆசிரியர் விடையிறுப்பதும் தமிழ் மரபு. அச்சு பரவியபின் அவையோர் வாசகராயினர். அவர்தம் வினாக்கள் இதழ்ப் பக்கங்களில் இடம்பெற்றன. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் 1950களின் தொடக்கத்தில் நிகழ்ந்த இருவகை உரையாடல்களை ஒப்பிட்டு, நம் இலக்கிய வரலாறு அவற்றுள் எதற்கு முதன்மை அளித்துள்ளது என்பதை ஈண்டு நோக்குவோம்.

முதலாவது, 1924இல் தொடங்கப்பெற்ற தமிழ் நேசன் நாளிதழில் 1950–51ஆம் ஆண்டுகளில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு. சிறுகதையின் இலக்கணம் பாடங்களாக வெளிவந்தது, வாசகர்கள் பயிற்சியாகக் கதை எழுதி அனுப்பினர், அவை மதிப்பிடப்பட்டன. மலேசியச் சிறுகதை வளர்ச்சியைப் பேசுவோர் இவ்வகுப்பைத் தவறாது குறிப்பிடுவர். அது தகும். ஆயினும் அவ்வுறவின் தன்மையை நாம் கருதிப்பார்த்தல் வேண்டும். அஃது ஆசான் – மாணாக்கர் உறவு. வாசகர் தம் வாசிப்பைக் கூறுமாறு அழைக்கப்படவில்லை. எழுத்தாளராக மாறுமாறே அழைக்கப்பட்டனர். திருத்தும் உரிமை ஒரு பக்கத்தில் மட்டுமே இருந்தது.

இரண்டாவது, கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசில் புதுமைப்பித்தனைப் பற்றி எழுந்த விவாதம். புதுமைப்பித்தன் 1948இலேயே மறைந்துவிட்டார். எனவே விடையிறுக்க ஆசிரியர் இல்லை. அவர் பொருட்டு முடிவு கூறும் அதிகாரமும் எவர்க்கும் இல்லை. அவருடைய இடம் யாது என்ற வினாவிற்கு இந்நாட்டு எழுத்தாளர்களும் வாசகர்களும் தம்முள் வாதிட்டே விடை தேட வேண்டியிருந்தது. ஒருவர் கூற்றை மற்றவர் மறுக்கலாம்; மறுப்பவர் காரணம் காட்டக் கடமைப்பட்டவர். திறனாய்வு பிறப்பதற்குரிய சூழல் இதுவே என்பது நம் கருத்து. கதை வகுப்பு எழுத்தாளரை உருவாக்க முற்பட்டதெனில், இவ்விவாதம் எழுத்தை எடைபோடும் வாசகரை உருவாக்க வழிவகுத்தது.

1952ஆம் ஆண்டளவில் இந்தியாவிலிருந்து வந்து, 1957வரை தமிழ் நேசனில் பணியாற்றிய கு. அழகிரிசாமி கோலாலம்பூரில் நடத்திய இலக்கிய வட்டம் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது எனலாம். அங்கு வழிகாட்டும் மூத்த எழுத்தாளரும் இருந்தார். எதிரே அமர்ந்து வினவும் வாய்ப்பும் இருந்தது.

விவாதத்தை மிகைப்படப் போற்றுவதும் பொருந்தாது. அச்சேறிய கடிதங்கள் ஆசிரியர் குழு தேர்ந்தவை; தேரப்படாதவை நமக்குக் கிட்டவில்லை. எனவே நம் கையிலிருப்பது முழு உரையாடலன்று. ஒருவர் வாயில் காத்து உள்ளே விடுத்த உரையாடலே. இவ்வரம்பை உணர்ந்தே சான்றுகளைக் கையாள வேண்டும்.

எனினும் நம் இலக்கிய வரலாறு எழுத்தாளர் பெயர்களையும் நூல்களையும் நிரல்படுத்துவதிலேயே பெரிதும் நிறைவு காண்கிறது. நூலாகத் தொகுக்கப்பெற்ற கதை நிலைபெறுகிறது. அதைக் குறித்து அடுத்த வாரம் வெளிவந்த மறுப்புரை நாளிதழோடு மட்கிப்போகிறது. தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்ட நிலையில், அதன் பழைய பக்கங்களைப் பேணுவது காலந்தாழ்த்தக்கூடாத பணியாகிறது. தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் மின்வடிவில் வழங்கியிருப்பது இப்பணி இயலக்கூடியதே என்பதற்குச் சான்று.

வகுப்பறைக்கும் இதிற் பொருளுண்டு. சிறுகதை கற்பிக்கும்பொழுது கருவையும் பாத்திரங்களையும் வினவுவதோடு நாம் நின்றுவிடுகிறோம். அக்கதையை ஏற்றும் மறுத்தும் எழுந்த கடிதங்களை உடன்வைத்துப் பயிற்றுவித்தால், தம்மைப் போன்ற வாசகர்களே ஒரு காலத்தில் இலக்கியத்தின் தரத்தைக் குறித்து வாதிட்டனர் என்பதை மாணவர் அறிவர். எழுதக் கற்பித்த வகுப்பை நாம் மறக்கவில்லை. மறுத்துரைக்க இடந்தந்த அவையையும் நினைவிற்கொள்ளுதல் நம் கடன்.