தானே கூடும் அறுகோணம்

1989-இல் ஐ.பி.எம். ஆய்வகத்தில் டான் ஐக்ளர், எஸ்.டி.எம். (ஸ்கேனிங் டனலிங்) நுண்ணோக்கியின் ஊசியால் 35 செனான் அணுக்களை ஒவ்வொன்றாக நகர்த்தி நிறுவனத்தின் பெயரை எழுதினார். மலைக்கவைக்கும் கைவேலை. ஆனால் என் மனம் தோய்வது, அதே கருவி காட்டும் வேறொரு வகைப் படங்களில். அங்கே யாரும் எதையும் நகர்த்துவதில்லை. மூலக்கூறுகள் தாமே அணிவகுக்கின்றன.

டிரைமெசிக் அமிலத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு பென்சீன் வளையம், அதிலிருந்து 120 பாகை இடைவெளியில் மூன்று கார்பாக்சில் கைகள். இரு மூலக்கூறுகளின் கைகள் நேருக்கு நேர் வந்தால், அவற்றுக்கிடையே இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் உண்டாகும். ஆறு மூலக்கூறுகள் இப்படிக் கைகோத்தால் ஓர் அறுகோணம். அது பரவினால் தேனடை. ஒவ்வோர் அறையின் அகலமும் ஏறத்தாழ 1.1 நானோமீட்டர்.

இதைப் பார்க்கப் பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. கிராஃபைட்டின் மேல் ஒட்டுநாடாவை ஒட்டி உரித்தால் புத்தம்புதுப் பரப்பு கிடைக்கும். அதில் டிரைமெசிக் அமிலக் கரைசல் ஒரு சொட்டு. அந்தச் சொட்டுக்குள்ளேயே பிளாட்டினம்-இரிடியம் ஊசி இறங்கி, பரப்பைத் தொடாமல் வரிவரியாக வருடுகிறது. இடைவெளி இம்மியளவு மாறினாலும் ஊசிவழி பாயும் மின்னோட்டம் பல மடங்கு மாறும். அந்த மாற்றமே திரையில் ஒளியும் நிழலுமாக விரிகிறது.

தேர்ந்த கண் முதலில் தேடுவது படத்தின் நடுவை அல்ல, எல்லைகளை. இரண்டு தேனடைத் திட்டுகள் வெவ்வேறு கோணத்தில் வளர்ந்து முட்டிக்கொள்ளும் இடத்தில் வரிசை குலைந்திருக்கும். சற்றுப் பொறுத்து எடுத்த படத்தில் அந்த எல்லை நகர்ந்திருக்கும். சிறிய திட்டைப் பெரியது விழுங்கியிருக்கும். ஹைட்ரஜன் பிணைப்பு வலுவற்றது என்பதே இதற்குக் காரணம். தவறாகச் சேர்ந்தவை எளிதில் பிரிந்து, சரியான இடத்தில் மறுபடி சேர்கின்றன. இறுகப் பிணைந்திருந்தால் முதல் பிழையே நிலைத்துவிட்டிருக்கும்.

கலைஞனுக்கு இங்கே வேலை இல்லையா? உண்டு, தேர்வில். மியூனிக் ஆய்வாளர்கள் 2005-இல் காட்டியது இது: டிரைமெசிக் அமிலத்தை நோனனாயிக் அமிலத்தில் கரைத்தால் தேனடை, அதைவிடக் கார்பன் சங்கிலி குட்டையான கொழுப்பமிலங்களில் கரைத்தால் நெருக்கமான மலர் வடிவம். மூலக்கூறு அதேதான். தேனடையின் அறைகளில் தட்டையான கொரோனீன் மூலக்கூறை விருந்தினராக அமர்த்தியும் பார்த்தார்கள். அறைக்கு ஒன்றாகக் கச்சிதமாகப் பொருந்தியது. எந்தக் கரைப்பான், எந்த விருந்தினர் என்பதை மட்டும் முடிவுசெய்துவிட்டு, மற்றதை மூலக்கூறுகளிடமே ஒப்படைத்த அந்த நிதானத்தை, அணுவை நகர்த்தி எழுதிய திறமைக்கும் ஒரு படி மேலே வைக்கிறேன்.