வல்லாரைக்கு ஒரு பரீட்சை

கிளிநொச்சிச் சந்தையில் வல்லாரையைப் பிடிபிடியாகக் கட்டி விற்பார்கள். தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்துச் சம்பலாக்கி, தேசிக்காய்ப்புளி விட்டுச் சாப்பிடும்போது ‘மூளைக்கு நல்லது’ என்று யாராவது சொல்லாமல் விடமாட்டார்கள். இந்த இலை மனச்சோர்வுக்கும் மருந்தாகுமா என்று வன்னியில் சோதிக்க நினைப்பவருக்கு முதல் இடைஞ்சல் இந்த நம்பிக்கைதான்.

சோதிக்க வேண்டிய தேவை இருக்கிறது. போர் முடிந்த 2009இல் யாழ் மாவட்டத்தில் நடந்த கணக்கெடுப்பு, 22.2 வீதமானோரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளைக் கண்டது. இடம்பெயர்ந்த நிலையிலேயே இருந்தோரிடம் அது இன்னும் கூட. கைக்கெட்டிய, மலிவான ஒரு மூலிகையை வெறும் நாட்டுவழக்கு என்று தள்ளிவிடுவது சோம்பல்.

ஆனால் எப்படிச் சோதிப்பது? 2010இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், பதகளிப்பு நோயுள்ள 33 பேருக்கு வல்லாரைச் சாற்றுக் குளிகையை 500 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை இரண்டு மாதம் கொடுத்தார்கள். பதகளிப்போடு மனச்சோர்வும் குறைந்தது என்றார்கள். அளவு நிர்ணயித்ததும், அளவுகோல் வைத்து மதிப்பிட்டதும் மெச்சத்தக்கவை. ஒப்பிடுவதற்கு வெற்றுக் குளிகை பெற்ற குழு மட்டும் இல்லை. இரண்டு மாதம் ஒருவரை அழைத்து, இருத்தி, சுகம் விசாரித்தாலே பாதி ஆறுதல் வந்துவிடும். அமெரிக்காவில் 340 பேரிடம் செய்து 2002இல் வெளியிட்ட, மனச்சோர்வுக்கான ஐபெரிக்கம் மூலிகை ஆய்வில் மூலிகையும் வெற்றுக் குளிகையை வெல்லவில்லை. வைத்தியர்கள் வழமையாக எழுதும் சேர்ட்ரலின் மருந்தும் முதன்மை அளவீடுகளில் வெல்லவில்லை. எதிர்பார்ப்பின் பலம் அவ்வளவு. வல்லாரையின் வாசமே தெரிந்த வன்னியில் அது இன்னும் கூடவே இருக்கும். அதனால் சம்பலாகக் கொடுத்துச் சோதிக்க முடியாது. சாற்றை மணம் தெரியாத குளிகையாக்க வேண்டும். பிறகு கிடைக்கும் முடிவு அந்தக் குளிகைக்கே உரியது, சம்பலுக்கல்ல. வல்லாரை விற்கப்போகிறவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்லமாட்டார்கள்!

இன்னொரு சிக்கல் அளவுகோலுக்குள்ளேயே இருக்கிறது. மனச்சோர்வை அளக்கப் பரவலாகப் பயன்படும் ஹமில்ற்றன் அளவுகோலின் 17 கேள்விகளில் மூன்று நித்திரை பற்றியவை: படுத்ததும் நித்திரை வருகிறதா, நடுச்சாமத்தில் முழிக்கிறீர்களா, விடியமுன்னமே எழும்பிவிடுகிறீர்களா. ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளிவரை உண்டு; பதகளிப்புக்கு வேறு கேள்விகள். ஆக, துக்கத்தைத் தொடாமல் நித்திரையை மட்டும் தருகிற மூலிகையும் ஆறு புள்ளி வரை குறைத்துக் காட்டலாம். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் இருந்த ஒரு தாய்க்கு நித்திரை கிடைத்தால் நல்லதுதான். அதை ‘மனச்சோர்வு குறைந்தது’ என்று எழுதினால் பொய்.

ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கும் மருந்தை நிறுத்திவிட்டு வல்லாரை கொடுப்பதையும் ஏற்கமுடியாது. வழமையான மருந்து எல்லோருக்கும் தொடர, ஒரு பாதிக்கு வல்லாரையும் மறுபாதிக்கு வெற்றுக் குளிகையும் சேர்த்துக் கொடுக்கலாம். முடிவை எழுதும்போது நித்திரைக்கான புள்ளியைத் தனியாகவும் மற்றவற்றைத் தனியாகவும் காட்டவேண்டும்.