கிழ நாயின் கடைசி நாட்கள்: ஒரு நூலும் அது சொல்லாமல் விட்டதும்

“வளர்த்த நாய் இறந்துவிட்டது, இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை” என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் என்ன சொல்வார்? “ஒரு நாய்க்காகவா இப்படி? வேறொன்று வாங்கிக்கொண்டால் போயிற்று” என்பார். சொன்னவர் அதன்பின் அந்தப் பேச்சையே எடுக்கமாட்டார். மனிதர் இறந்தால் துக்கம் கேட்க ஊரே வருகிறது. நாய் இறந்தால் யாரும் வருவதில்லை. சமூகம் ஏற்றுக்கொள்ளாத இத்தகைய துயரத்துக்குக் கென்னத் டோக்கா என்ற அமெரிக்க அறிஞர் 1989-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் தனிப் பெயரே சூட்டினார். ‘உரிமை மறுக்கப்பட்ட துயரம்’ என்று அதனைத் தமிழில் சொல்லலாம்.

அந்தத் துயரத்தைக் கூச்சமின்றி வெளியே பேசிப் பெரும் புகழ் பெற்ற நூல் ஒன்று உண்டு. ஜான் குரோகன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் எழுதி 2005-இல் வெளிவந்த ‘மார்லி அண்ட் மீ’, அதாவது ‘மார்லியும் நானும்’ என்ற நூலே அது. 2008-இல் திரைப்படமாகவும் வந்தது.

அறிவியல் இதழுக்கும் நாய்க் கதைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். தொடர்பு இருக்கிறது. இந்நூலின் இறுதிப் பகுதி ஒரு நோயையும், அந்நோயின் முன் ஒரு குடும்பம் எடுத்த முடிவையும் சுற்றியே அமைந்திருக்கிறது. நூலை மூடும்போது நம் கண்கள் கலங்குகின்றன. ஆனால் அந்த நோயைப் பற்றி நாம் எவ்வளவு தெரிந்துகொண்டோம்? நமது வீட்டு நாய்க்கு அது வந்தால் கண்டுகொள்வோமா? இந்த நோக்கில்தான் நூலை இங்கே மதிப்பிட முயல்கிறோம்.

கதை

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் குடியிருந்த இளந்தம்பதியர் மஞ்சள் நிற லாப்ரடார் குட்டி ஒன்றை வாங்குகிறார்கள். பாடகர் பாப் மார்லியின் நினைவாக அதற்குப் பெயர் வைக்கிறார்கள். அது அடங்காப் பிடாரியாக வளர்கிறது. பயிற்சிப் பள்ளியிலிருந்து துரத்தப்படுகிறது. தங்கச் சங்கிலியை விழுங்குகிறது. இடி இடித்தால் வெறி பிடித்தாற்போல் கதவையும் சுவரையும் பிறாண்டித் தள்ளுகிறது. இதற்கிடையில் தம்பதியருக்கு மூன்று குழந்தைகள் பிறக்கின்றன. குடும்பம் பென்சில்வேனியா மாநிலத்துக்குக் குடிபெயர்கிறது. நாய்க்கும் முதுமை வருகிறது. காது மந்தமாகிறது, இடுப்பு தளர்கிறது, மாடிப்படி மலையாகிறது.

2003-ஆம் ஆண்டில் குடும்பம் உல்லாசப் பயணம் போயிருந்தபோது, காப்பகத்தில் விடப்பட்டிருந்த மார்லியின் இரைப்பை முறுக்கிக்கொள்கிறது. பிழைப்பது அரிது என்று மருத்துவர் கூறியும் அது பிழைத்துவிடுகிறது. ஆனால் சில மாதங்களில் முறுக்கு மீண்டும் வருகிறது. அந்த ஆண்டின் இறுதியில், வயது பதின்மூன்றாகியிருந்த மார்லியை ஊசி மருந்தால் அமைதியாக இறக்கச் செய்கிறார்கள். குரோகன் கடைசிவரை அதன் அருகிலேயே இருக்கிறார். வீட்டுத் தோட்டத்தில் அதைப் புதைக்கிறார்கள். 2004 ஜனவரியில் அவர் தமது நாளிதழில் இதைப் பற்றி ஒரு பத்தி எழுதினார். நூற்றுக்கணக்கான வாசகர்கள் தங்கள் நாய்களைப் பற்றி அவருக்கு மறுமொழி எழுதினார்கள். நூல் பிறந்தது அதிலிருந்துதான்.

நிறை

நூலின் தலையாய சிறப்பு அதன் நேர்மை. நாய்களைப் பற்றிய கதைகளில் பெரும்பாலும் நாய் தியாகச் சின்னமாகிவிடும். எசமானுக்காக உயிர் விடும். குரோகன் மார்லியைத் தெய்வமாக்கவில்லை. அது முட்டாள் நாய் என்று பல இடங்களில் அவரே சொல்கிறார். ‘உலகிலேயே மோசமான நாயோடு வாழ்ந்த கதை’ என்ற பொருளில்தான் துணைத் தலைப்பே வைத்திருக்கிறார். முதுமையில் அது வீட்டை அசுத்தப்படுத்தியதையும், தாம் சலித்துக்கொண்டதையும் அவர் மறைக்கவில்லை. ‘இன்னும் எத்தனை நாள்?’ என்ற கேள்வி மனத்தில் எழுந்ததையும் ஒப்புக்கொள்கிறார். கிழ நாய் ஒன்றைப் பேணியவர்களுக்குத் தெரியும், இதுதான் உண்மை. அன்பும் அலுப்பும் ஒரே தட்டில்தான் இருக்கும்.

இந்த அன்பு வெறும் கற்பனையன்று என்பதற்கு இப்போது உடலியல் சான்றும் இருக்கிறது. நாயும் அதன் எசமானரும் ஒருவரையொருவர் நெடுநேரம் நோக்கும்போது இருவரது உடலிலும் ஆக்சிடோசின் என்ற இயக்குநீர் மிகுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்டனர். தாய்க்கும் சேய்க்கும் இடையிலான பிணைப்பில் பங்கு கொள்வதும் இதே இயக்குநீர்தான். ஆகவே, நாய்க்காக அழுபவரைப் பார்த்து நகைப்பது அறியாமையே.

முதல் குறை: முதுமையே நோயன்று

மார்லியின் தளர்ச்சியை இந்நூல் ‘வயதாகிவிட்டது’ என்ற ஒரே உறையில் போட்டு மூடிவிடுகிறது என்றே எமக்குத் தோன்றுகிறது. இங்கேதான் அறிவியல் குறுக்கிட வேண்டும்.

நாயின் ஓராண்டு மனிதரின் ஏழாண்டுக்குச் சமம் என்ற கணக்கு எல்லாரும் அறிந்தது. ஆனால் அது சரியான கணக்கன்று. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் லாப்ரடார் நாய்களின் மரபுப் பொருளில் வயதோடு ஏற்படும் வேதி மாற்றங்களை மனிதருடையவற்றோடு ஒப்பிட்டு 2020-இல் ஒரு புதிய கணக்கைத் தந்தனர். அதன்படி ஒரு வயது நாய் ஏறத்தாழ 31 வயது மனிதரை ஒக்கும். பதின்மூன்று வயது நாய் 72 வயதை ஒக்கும்; பழைய கணக்கின்படி 91. அதாவது நாய் இளமையில் மிக வேகமாகவும், பிற்காலத்தில் மெதுவாகவும் மூப்படைகிறது.

எழுபத்திரண்டு வயதுப் பெரியவர் படியேற முடியாமல் நின்றால் ‘வயதாகிவிட்டது’ என்று விட்டுவிடுவோமா? மூட்டு வலியா என்று பார்ப்போம். நாய்க்கும் அதுவேதான். மூட்டழற்சி முதிய பெருநாய்களில் மிகச் சாதாரணம். நாய் வலியை வாய்விட்டுச் சொல்வதில்லை. எழத் தயங்கும், படியைத் தவிர்க்கும், இடுப்பைத் தொட்டால் உறுமும், ஓரிடத்தையே நக்கிக்கொண்டிருக்கும். எடையைக் குறைப்பதும், நாய்க்கென உள்ள வலி நீக்கிகளை மருத்துவர் சொற்படி கொடுப்பதும் பெரும் பயன் தரும். ஓர் எச்சரிக்கை: மனிதருக்கான வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. ஐபுபுரோபன் நாயின் இரைப்பையில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இதைச் சொல்ல இக்கட்டுரையாளருக்குத் தனிக் காரணம் உண்டு. எங்கள் வீட்டு நாய் பதினான்கு ஆண்டுகள் இருந்தது. கடைசி ஆண்டில் அது வாசற்படியில் ஏறாமல் கீழேயே படுத்துக்கொண்டது. “பாவம், வயசாயிடுச்சு” என்று நாங்களும் படிக்குக் கீழேயே சாக்கை விரித்துவிட்டோம். வலிக்கு மருந்து உண்டு என்பது நாங்கள் அறிந்தபோது காலம் கடந்திருந்தது. அதன் சாவைவிட அந்த ஓராண்டுதான் இன்றும் உறுத்துகிறது.

இரண்டாம் குறை: முறுக்கின் கதை

இரைப்பை முறுக்கு என்பது என்ன? இரைப்பையில் காற்று நிறைந்து அது பலூன்போல் உப்புகிறது. உப்பிய இரைப்பை தன் அச்சில் திரும்பிவிடுகிறது. உணவுக்குழாய்ப் பக்கமும் குடல் பக்கமும் வாய்கள் அடைபட்டுப் போகின்றன. காற்று வெளியேற வழியில்லை. வீங்கிய இரைப்பை, உடலின் பின்பகுதியிலிருந்து இதயத்துக்கு இரத்தத்தைக் கொண்டுவரும் பெருஞ்சிரையை நசுக்குகிறது. இதயத்துக்கு வரும் இரத்தம் குறைகிறது; இரத்த அழுத்தம் வீழ்கிறது; நாய் அதிர்ச்சி நிலைக்குப் போகிறது. இரத்தம் கிடைக்காத இரைப்பைச் சுவர் அழுகத் தொடங்குகிறது. மண்ணீரலும் உடன் முறுக்கிக்கொள்வதுண்டு. இவ்வளவும் சில மணி நேரத்தில் நடந்துவிடும்.

அடையாளங்கள் தெளிவானவை. நாய் வாந்தியெடுக்க முயலும், ஆனால் ஒன்றும் வராது. எச்சில் ஒழுகும். நிலைகொள்ளாமல் எழுந்தும் படுத்தும் தவிக்கும். வயிறு உப்பும். இவற்றைக் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த நிமிடமே மருத்துவரிடம் போகவேண்டும். மார்பு ஆழ்ந்த பெருநாய்களுக்கே இந்த ஆபத்து மிகுதி. கிரேட் டேன் இனம் இதில் முதலிடம் பெறும். நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களும் ஆழ்ந்த மார்பு கொண்டவையே என்பதால் அவற்றை வளர்ப்போரும் அடையாளங்களை அறிந்திருத்தல் நலம். வயது கூடக் கூட ஆபத்தும் கூடும். நாளுக்கு ஒரே வேளை வயிறு முட்டப் போடுவதைவிட இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது என்பது ஆய்வுகளால் தெரியவந்திருக்கிறது.

குழாய் விட்டுக் காற்றை எடுத்தால் நாய் அப்போதைக்குப் பிழைக்கலாம். ஆனால் முறுக்கிய இரைப்பையை நேராக்கி, வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்தால்தான் பாதுகாப்பு. தைக்காமல் விட்டால் பாதிக்கு மேற்பட்ட நாய்களுக்கு முறுக்கு மீண்டும் வருகிறது. தைத்துவிட்டால் மீண்டும் வருவது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு.

இப்போது நூலுக்குத் திரும்புவோம். மார்லிக்கு அறுவை சிகிச்சை செய்யும் பேச்சு நூலில் வருகிறது. அதற்கு ஆகும் செலவும், முதிய உடல் அதைத் தாங்குமா என்ற ஐயமும் வருகின்றன. அந்த முடிவைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. பதின்மூன்று வயதான, இடுப்பு விழுந்த நாயைக் கத்திக்கு உட்படுத்தாமல் விடுவது நியாயமான முடிவே. நம் குறை வேறு. முதல் முறுக்குக்கும் இரண்டாம் முறுக்குக்கும் இடையே மார்லி வாழ்ந்த மாதங்களை நூல் ஒரு விந்தைபோல் காட்டுகிறது. இரண்டாம் முறுக்கு விதிபோல் வந்து இறங்குகிறது. அது விதியன்று, முன்கூட்டியே எதிர்பார்க்கத்தக்க ஒன்று. இதை அழுத்தமாகச் சொல்லியிருந்தால், இலட்சக்கணக்கான வாசகர்களுள் சிலராவது தங்கள் நாய்களைக் காப்பாற்றியிருப்பார்கள். நூலின் கண்ணீர் குறைந்திருக்காது, பயன் கூடியிருக்கும். 2008-ஆம் ஆண்டுத் திரைப்படத்திலோ கண்ணீருக்கு இருக்கும் இடம் நோய்க்கு இல்லை.

கடைசி ஊசி

இந்தச் செயலுக்குத் தமிழில் ‘கருணைக் கொலை’ என்றே பெயர் வழங்குகிறது. அச்சொல்லின் முன்பாதி ஆறுதல் தருகிறது; பின்பாதி குத்துகிறது. கையெழுத்திட்டவர் நெஞ்சில் நிற்பது பின்பாதிதான். ஆகவே அப்போது என்ன நடக்கிறது என்பதை அறிவது நல்லது. வழக்கமாகப் பயன்படுவது பென்டோபார்பிட்டால் என்ற மயக்க மருந்து, மிகையான அளவில். அது மூளையின் செயலை அடக்குகிறது. சிரை வழியே செலுத்தினால் சில நொடிகளில் நாய் நினைவிழக்கிறது. அதற்குப் பிறகே மூச்சு நிற்கிறது. பின்னர் இதயம் நிற்கிறது. உடல் ஒருமுறை துடிக்கலாம். கண்கள் திறந்தே இருக்கலாம். அவை வலியின் அறிகுறிகள் அல்ல. நினைவு அதற்கு முன்பே போய்விட்டது. குரோகனின் அந்த அத்தியாயம் அடக்கமானது, அழகானது. ஆனால் இதே முடிவைச் சுமக்கும் வாசகருக்கு இந்த விளக்கமும் தேவை.

‘எப்போது’ என்பதே மிகக் கடினமான கேள்வி. ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 2004-இல் இதற்கு எளிய அளவுகோல் ஒன்றை வகுத்தார். வலியின்மை, பசி, நீர் அருந்துதல், தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் மிகுதியாக இருத்தல் என ஏழு கூறுகள். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் நாயின் வாழ்வு ஏற்கத்தக்கதாக இருக்கிறது எனலாம். மனம் கணக்குப் போடாதுதான். ஆனால் வாரம் ஒருமுறை எழுதிவைத்தால், அன்பு மறைக்கும் உண்மையை எண்கள் காட்டும்.

முடிவாக

நாய் இறந்தபின் மனத்தில் தங்குபவை இரண்டு. ஒன்று துயரம், மற்றொன்று குற்றவுணர்வு. இரண்டும் ஒன்றாகக் கலந்திருப்பதால் ஒன்றென்றே எண்ணிவிடுகிறோம். துயரம் அன்பின் மறுபக்கம். அதற்கு மருந்து இல்லை, தேவையும் இல்லை. குற்றவுணர்வில் பெரும்பகுதி அறியாமையிலிருந்து பிறப்பது. ‘முன்பே தெரிந்திருந்தால்’, ‘அவசரப்பட்டுவிட்டேனோ’, ‘அதற்கு வலித்திருக்குமோ’ என்ற கேள்விகளே அது. இவற்றுக்கு அறிவியலிடம் விடைகள் உண்டு. குரோகன் துயரத்துக்கு உரிமை பெற்றுத் தந்தார். அது சிறிய தொண்டன்று. குற்றவுணர்வைக் குறைக்கும் வேலையை அவர் தொடவில்லை.

வீட்டில் முதிய நாய் உள்ளவர்கள் இந்நூலை அவசியம் படிக்கலாம். அதற்கு முன் ஒரு காரியம் செய்யவேண்டும். இன்று மாலை அந்த நாய் எப்படி எழுகிறது, எப்படிப் படியேறுகிறது என்று ஐந்து நிமிடம் உற்றுப் பாருங்கள். நாங்கள் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடவில்லை.